இரும்புக் கடைக்குப் போகவேண்டிய வண்டி

— அண்ணே, காலையிலேர்ந்து நானும் தலைகீழா நின்னு பார்த்துட்டேன். பிரேக்ல ஒரு குறையும் இல்ல.

— ஒரு குறையும் இல்லாமத்தான் நேத்து சாயந்தரம் எங்க வீட்டு கேட்டுல போய் முட்டுச்சா?

— அதுதாண்ணே எனக்கும் புரியல.

— இந்தா பாரு, உனக்குப் புரியலைன்னா விட்டுடு. அஞ்சு மணிக்கு இரும்புக் கடைக்காரன் லாரியோட உன் ஒர்க்‌ஷாப்புக்கே வரான். தூக்கிட்டுப் போய் நசுக்கிப் போடட்டும். இனிமே என் வீட்டு ஆளு ஒருத்தரும் இந்த வண்டியில ஏறக்கூடாது.

— ஏங்க, மணி இப்ப மூணுதானே ஆகுது? அதுக்குள்ள அவன் பேச்சை எதுக்கு எடுக்கறீங்க? தம்பி சொல்றதைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்களேன்.

— நீ சும்மா இரு. நீ மாடியில தையல் மெஷின் மிதிச்சிக்கிட்டு இருந்தே. ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டு இருந்தது நான். வண்டிக்கு முன்னாடி நின்னது நம்ம பொண்ணு.

— அண்ணே, அந்த ஸ்டூல்ல உட்காருங்க முதல்ல. நின்ன இடத்துலயே ஆடறீங்க. போன்ல நீங்க சொன்னது எனக்குப் பாதி விளங்கல. என்ன நடந்துச்சு?

— என்னத்தைச் சொல்ல. செக்கப்புக்கு அவளைக் கூட்டிட்டுப் போய்ட்டுத் திரும்பினோம். வாசல்ல நிறுத்தினேன். "நான் இறங்கி கேட்டைத் திறக்கறேன்பா"ன்னா. ஏழு மாச வயிறு. மெதுவா நடந்து போய் ஒரு கதவைத் தள்ளினா. அடுத்த கதவுல கை வைச்சா. நான் வண்டியை மெல்ல உள்ள விட்டேன். பிரேக்கை மிதிச்சேன். நிக்கல. இன்னும் மிதிச்சேன். கால் தரை வரைக்கும் போகுது, வண்டி அது பாட்டுக்குப் போகுது. அவ திரும்பி என்னைப் பார்த்தாடா. எங்கப்பா என்ன பண்றாருன்னு பார்க்கற மாதிரி ஒரு பார்வை.

— எப்படித்தான் நின்னுச்சு?

— ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அதுக்குள்ள கேட்டுல இடிச்சிடுச்சு. அவ வயித்துக்கும் பம்பருக்கும் நடுவுல ஒரு சாண் இருந்திருந்தா அதிகம்.

— பொண்ணு எப்படி இருக்கு அண்ணி?

— பயத்துல அப்படியே உட்கார்ந்துட்டா தம்பி. நான் மாடிப்படியில எப்படி இறங்கினேன்னு எனக்கே தெரியாது. எதிர்வீட்டுக்காரர் வண்டியில ஏத்திக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடினோம். குழந்தை நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க.

— நல்லவேளை. சரி, இப்ப என் பக்கத்தையும் கேளுங்கண்ணே. மூணு மாசத்துல அஞ்சு தடவை வண்டியைக் கொண்டாந்து விட்டீங்க. முதல் தடவை பிரேக் பேட் மாத்தினேன். அடுத்த தடவை ஆயில் மாத்தினேன். அப்புறம் பின் சக்கரம் ரெண்டையும் பிரிச்சு மேஞ்சேன். அதுக்கப்புறம் மாஸ்டர் சிலிண்டரையே புதுசாப் போட்டேன். போன வாரம் பெடலைக் கழட்டி ஸ்பிரிங் மாத்தினேன். இந்த வண்டியில இப்ப பழசுன்னு மிச்சம் இருக்கறது பாடியும் ஹாரனும்தான்.

— ஹாரனும் பாதிதான் அடிக்குது தம்பி. சளி பிடிச்ச மாதிரி.

— உங்களுக்கு விளையாட்டா இருக்கா? மீட்டரைப் பாருங்க ரெண்டு பேரும். மூணு லட்சத்துப் பன்னெண்டாயிரம் கிலோமீட்டர். நமக்கு முன்னாடியே ரெண்டு பேர் ஓட்டித் தேய்ச்ச வண்டி. உள்ளுக்குள்ள எது எப்ப விட்டுப்போகும்னு யார் கண்டா?

— மூணு லட்சத்துப் பன்னெண்டாயிரம்னா என்னண்ணே? இன்னும் எழுபதாயிரம் ஓட்டினா நிலாவுக்கே போயிடலாம். இவ்வளவு தூரம் வந்துட்டுப் பாதியில திரும்பறதா? இஞ்சின் சத்தத்தைக் கேட்டீங்கல்ல? ஒரு இருமல் உண்டா? நான் சொல்றேன், இன்னும் ஒரு லட்சம் கண்ணை மூடிக்கிட்டு ஓடும்.

— கண்ணை மூடிக்கிட்டு ஓடினதுதான் நேத்து நடந்துச்சு.

— நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. இன்னும் ஏழெட்டு வாரத்துல அவளுக்கு வலி வரும். மாப்பிள்ளை வேலை வேலைன்னு வெளியூர்ல கிடக்கார். ஆஸ்பத்திரி இருபத்தஞ்சு கிலோமீட்டர். இந்த வண்டியை நசுக்கிட்டா எதுல கூட்டிட்டுப் போவீங்க? உங்க பஸ்லயா? எல்லா ஸ்டாப்லயும் நிறுத்தி டிக்கெட் குடுத்துக்கிட்டா?

— பிரேக் இல்லாத வண்டியில போறதுக்கு அவ நடந்தே போகலாம்.

— வாயைக் கழுவுங்க.

— அண்ணி, கோபப்படாதீங்க. அண்ணன் பயந்து போயிருக்கார்.

— எனக்கு மட்டும் பயம் இல்லையா தம்பி? எதிர்வீட்டுக்காரர் நேத்து இருந்தார். அன்னிக்கு இருப்பாரா? வலி என்ன நேரம் பார்த்தா வரும்? எத்தனை வீட்டுக் கதவைத் தட்டறது? வண்டி வாசல்ல நிக்குதுங்கற ஒரு தைரியத்துலதான் நான் தூங்கறேன். அதையும் பிடுங்கிக்கறேங்கறார்.

— இந்தா பாரு, அந்தத் தைரியம்தான் நேத்து அவ மேல ஏறப் பார்த்துச்சு.

— சரி, இன்னொண்ணு கேக்கறேன். வாரத்துல மூணு நாள் துணி மூட்டையை ஏத்திக்கிட்டு நான்தானே கடை கடையாப் போறேன்? எனக்கு மட்டும் எப்படிங்க பிடிக்குது? தொட்டா நிக்குது. போன வாரம் மூக்கு போய்க் கண்ணாடியில இடிச்சுச்சு.

— நீ ஓட்டறது ஒரு ஓட்டா? இருபதுக்கு மேல முள் ஏறாது. நத்தை கூட ஹாரன் அடிச்சு வழி கேக்கும். அந்த வேகத்துல பிரேக்கே வேணாம், அதுவா நிக்கும்.

— நீங்கதானே கத்துக் குடுத்தீங்க.

— அதான் சொல்றேன், உனக்குத் தெரியாது.

— இப்படித்தான் தம்பி மூணு மாசமா. எனக்கு ஒரு தொழில்னா அது பெடல்தான். மெஷின் பெடல் ஒரு நூல் இறங்கினாலும் என் காலுக்குத் தெரியும். ஆனா இவர் பிடிக்கல பிடிக்கலன்னு சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டறவர் சொல்றார், நாம யாரு எதிர்த்துச் சொல்லன்னு வாயை மூடிக்கிட்டேன்.

— நானும் அதைத்தான் பண்ணினேன் அண்ணி. ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்த்தேன். எனக்கு ஜம்முன்னு பிடிச்சுச்சு. ஆனா ஒரு கீறல் இல்லாம இருபத்தாறு வருஷம் ஓட்டின மனுஷன் காலை விட என் காலு பெரிசான்னு நினைச்சு, எதையாவது ஒண்ணை மாத்தி அனுப்பினேன். இன்னிக்கு அப்படி அனுப்ப மாட்டேன்.

— வேற என்ன பண்ணப் போறே?

— பின்னாடி லாரி திருப்பற மைதானம் காலியா கிடக்கு. மூணு பேரும் ஏறுவோம். எதிர்ல பழைய டயரை அடுக்கி வைக்கறேன். முதல்ல அண்ணி ஓட்டட்டும். அடுத்து நீங்க ஓட்டுங்க. நான் உங்க பக்கத்துல உட்கார்ந்து பார்க்கறேன். பிடிக்கலைன்னா நானே லாரியில ஏத்தி விடறேன்.

— எனக்கு ஆறு மணிக்கு மறுபடி ட்ரிப் இருக்கு. இதுக்கெல்லாம் நேரம் இல்ல.

— பத்து நிமிஷம்ண்ணே. உங்க பேரக்குழந்தைக்காகப் பத்து நிமிஷம்.

— வாங்களேன். பின்னாடி சீட்ல ஏறுங்க. பெல்ட்டை மாட்டுங்க.

— அண்ணி, கிளம்புங்க. நேரா போங்க. இருபது... முப்பது... பயப்படாதீங்க, இன்னும் கொஞ்சம். நாப்பது. அந்த வெள்ளைக் கோடு வந்ததும் மிதிங்க. இப்ப!

— அம்மாடி!

— ஐயோ, என் கழுத்து! ஏம்மா இப்படி மிதிக்கறே?

— மிதிக்கலைங்க, தொட்டேன்.

— பாருங்கண்ணே. டயருக்கும் நமக்கும் நடுவுல இன்னும் ரெண்டு வண்டி நிக்கலாம். அண்ணி, இறங்கி அண்ணனுக்கு இடம் குடுங்க.

— நான் ஓட்டல.

— ஏண்ணே?

— ஓட்டலன்னா விடேன்டா.

— காரணம் சொல்லுங்க.

— பயமா இருக்கு. போதுமா? அந்தப் பெடலைப் பார்த்தாலே அவ கேட்டுல நின்னதுதான் கண்ணுல தெரியுது.

— தம்பி, இருபத்தாறு வருஷத்துல இவர் வாயில இந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்ல. மலைப் பாதையில டயர் வெடிச்ச அன்னிக்குக்கூட வீட்டுக்கு வந்து சோறு கேட்டவர் இவர்.

— அண்ணே, ஹேண்ட் பிரேக் மேல நான் கை வைச்சிக்கறேன். எதிர்ல மனுஷங்க இல்ல, டயருதான். முப்பதுக்கு மேல போக வேணாம். ஏறுங்க.

— நீயும் ஏறணுமா? நீ இறங்கி நில்லும்மா.

— நான் இறங்க மாட்டேன். நீங்க எதுல போறீங்களோ அதுல நானும் வரேன்.

— கிளம்பட்டுமா?

— கிளம்புங்கண்ணே. நல்லா ஓட்டறீங்க. கியர் போடறதைப் பாரு, வெண்ணெய் மாதிரி. முப்பது போதும். கோடு வருது. மிதிங்க.

— மிதிச்சிட்டேன்.

— மிதிங்கண்ணே!

— மிதிச்சிட்டுத்தான்டா இருக்கேன்! தரை வரைக்கும் போகுது! பாரு, நிக்கல, நிக்கல...

— ஏங்க! டயரு! டயரு!

— கீழ பாருங்க! அண்ணே, உங்க காலைப் பாருங்க!

— ஐயோ!

— அண்ணி, அடிபட்டுச்சா?

— இல்ல... தலையில லேசா. ஏங்க, உங்களுக்கு?

— எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லவேளை தம்பி ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். பார்த்தியாடா? உன் கண்ணாலயே பார்த்தியா? நான் மூணு மாசமா கத்திக்கிட்டு இருக்கேன், ரெண்டு பேரும் என்னைப் பைத்தியக்காரன் மாதிரிப் பார்த்தீங்க. அந்த இரும்புக் கடைக்காரனைக் கூப்பிடு. அஞ்சு மணி எதுக்கு, இப்பவே வரச்சொல்லு.

— அண்ணே.

— என்ன?

— இஞ்சினை அணைங்க. காலை மட்டும் எடுக்காதீங்க. இருக்கற இடத்துலயே இருக்கட்டும்.

— எதுக்கு?

— கீழ பார்க்காம சொல்லுங்க. இப்ப உங்க வலது கால் எங்க இருக்கு?

— இதென்ன கேள்வி? பிரேக் மேல இருக்கு. அழுத்திக்கிட்டுத்தான் இருக்கேன்.

— அண்ணி, முன்னாடி எட்டிப் பாருங்க. நான் சொன்னா நம்ப மாட்டார்.

— எங்க பார்க்கணும் தம்பி... ஏங்க.

— என்ன?

— ஏங்க, நீங்க பிரேக்கை மிதிக்கல. பிரேக்குக்கும் பக்கத்துப் பெடலுக்கும் நடுவுல தரையை மிதிச்சிட்டு இருக்கீங்க.

— இடிச்சதுல நழுவியிருக்கும்.

— இல்லண்ணே. கோடு வர்றதுக்கு முன்னாடியே நான் கண்ணை எடுக்காம பார்த்துட்டு இருந்தேன். பெடல் ஓரத்துல பட்டுச்சு, வழுக்கிச்சு, தரையில போய் நின்னுச்சு. நீங்க அதைப் போட்டு மிதி மிதின்னு மிதிச்சீங்க.

— அப்படின்னா ஷூதான். ஆமா, ஷூதான்டா! டூட்டிக்குக் குடுத்த புது ஷூ. அடி ஒரு செங்கல் தடிமன். அதைப் போட்டுக்கிட்டு எவனுக்கு என்ன தெரியும்?

— சரி, ஷூவாவே இருக்கட்டும். கழட்டுங்க, வெறுங்கால்ல மிதிச்சுப் பார்ப்போம். இருங்க, குனியாதீங்க, நான் கழட்டறேன்.

— என்னமோ விழுந்துச்சே. ஷூக்குள்ளேர்ந்து.

— சாவி அண்ணி.

— எந்தச் சாவி? குடுங்க... அடப்பாவி மனுஷா! பீரோ சாவி! ஏங்க, காலையிலேர்ந்து வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினேன். மெத்தையைத் தூக்கினேன், குப்பையைக் கொட்டிக் கிளறினேன், பாவம் பாத்திரம் தேய்க்க வர்ற பொண்ணு மேல சந்தேகப்பட்டேன். உங்க ஷூக்குள்ள ஒளிச்சு வைச்சுக்கிட்டு ஊரைச் சுத்திட்டு வரீங்களே!

— பீரோவுக்குக் கீழதானே ஷூவைக் கழட்டி வைச்சிருந்தேன். மேலேர்ந்து விழுந்திருக்கும்.

— சிரிப்பா வருது எனக்கு. இவ்வளவு நீளச் சாவி, பல்லு பல்லா இருக்கு, இதை மிதிச்சிக்கிட்டு... தம்பி, நீங்க ஏன் சிரிக்கல?

— அண்ணே, காலையில எத்தனை மணிக்கு ஷூ போட்டீங்க?

— நாலரைக்கு.

— அதுலேர்ந்து கழட்டவே இல்லையா?

— டிப்போவுக்குப் போய், பஸ் எடுத்து, நாலு ட்ரிப் அடிச்சேன். நேரா இங்கதான் வந்தேன். எப்பக் கழட்ட?

— பத்தரை மணி நேரம். இந்தச் சாவி குத்தலையா உங்களுக்கு?

— குத்தினா எடுத்திருக்க மாட்டேனா?

— சாக்ஸைப் பாருங்க.

— ஐயோ, ரத்தம். ஏங்க, ரத்தங்க இது! சாவி உள்ளேயே இறங்கியிருக்கு!

— எங்க?

— எங்கன்னு கேக்கறீங்களே. உங்க கால்லங்க!

— அண்ணே, இப்படித் திரும்பி உட்காருங்க. காலை என் மடியில வைங்க. பரவாயில்ல வைங்க, என் பேன்ட்ல இல்லாத கிரீஸா. கண்ணை மூடிக்கோங்க. நான் விரலைத் தொட்டதும் எந்த விரல்னு சொல்லணும்.

— சரி, தொடு.

— மூடியிருக்கீங்கல்ல?

— மூடியிருக்கேன். தொடேன்டா சீக்கிரம்.

— சொல்லுங்க.

— நீ தொட்டாத்தானே சொல்ல முடியும்?

— அண்ணி, நீங்க சொல்லுங்க.

— ஸ்க்ரூ டிரைவர் வைச்சு... கட்டை விரலை... அழுத்திக்கிட்டு இருக்காருங்க. விரல் வெளுத்துப் போயிருக்கு.

— பொய். ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டு பொய் சொல்றீங்க.

— கண்ணைத் திறங்கண்ணே.

— ஏங்க, எத்தனை நாளா?

— மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. பஞ்சு மேல நடக்கற மாதிரி இருந்துச்சு. அப்புறம் ராத்திரியில எரியும். அப்புறம் எரியறதும் நின்னுடுச்சு. சரியாயிடுச்சு போலன்னு சந்தோஷப்பட்டேன்.

— சுகருக்குக் குடுத்த மாத்திரை?

— போட்டேன். எப்பவாவது.

— எப்பவாவதா? தினம் காலையில தண்ணியோட கையில குடுத்தேனே. நீங்க வாயில போடறதைப் பார்த்துட்டுத்தானே உள்ள போனேன்.

— அதைப் போட்டா மயக்கமா வருதும்மா. ஸ்டியரிங்ல உட்கார்ந்துட்டு மயங்கினா எழுபது பேர் உசுரு. அதனால துப்பிடுவேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— சொன்னா நீ டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவே. டாக்டர் ஒரு காகிதத்துல எழுதுவார். அதோட முடிஞ்சுது. நாளைக்கு நான் எந்த வண்டியையும் தொட முடியாது. எனக்கு வேற என்ன தெரியும்? பதினெட்டு வயசுலேர்ந்து, முதல்ல லாரி அப்புறம் பஸ்ஸுன்னு, இந்த ரெண்டு காலும் ரெண்டு கையும்தான் எனக்கு.

— அண்ணே, அதுக்காக வண்டி மேல பழியைப் போட்டு என்னை அஞ்சு தடவை பிரிக்க வைச்சீங்களே.

— பழி போடலடா. சத்தியமா நான் நம்பினேன். மிதிச்சா நிக்கல. வண்டிதானே கெட்டிருக்கணும்? என் காலு கெட்டுப்போகும்னு எனக்கு எப்படித் தோணும்? ஒவ்வொரு தடவை நீ எதையாவது மாத்தினதும் நாலு நாள் நல்லா இருக்கற மாதிரி இருக்கும். அப்பாடான்னு இருக்கும். மறுபடி வழுக்கும். நேத்துதான்... அவ திரும்பிப் பார்த்தப்போதான், வண்டியா நானான்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. அந்தச் சந்தேகம் பெரிசாகறதுக்கு முன்னாடி இந்த வண்டியை நசுக்கிடணும்னு பார்த்தேன்.

— அழாதீங்க. ஏங்க, அழாதீங்க.

— அண்ணி, அந்தத் துணியை எடுங்க. காலைச் சுத்திக் கட்டிடலாம். இப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம். நான் ஓட்டறேன். சீக்கிரம் பார்த்தா நரம்பைக் கொஞ்சம் காப்பாத்தலாம். எங்க சித்தப்பா இதே சுகரைக் கண்டுக்காம விட்டார், கடைசியில காலை முட்டி வரைக்கும் வெட்டி எடுத்தாங்க.

— இருங்க தம்பி. கொஞ்சம் இருங்க. கதவைச் சாத்துங்க.

— எதுக்கு அண்ணி?

— இது இந்த வண்டிக்குள்ளேயே இருக்கட்டும். நம்ம மூணு பேரோட.

— அண்ணி!

— நான் ஒண்ணு கேக்கறேன். இவர் ரிடயராக இன்னும் ஒண்ணரை வருஷம்தான். இப்ப வெளியில தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா. இவர் வீட்டுல உட்கார்ந்தா என்ன ஆவார்னு உங்களுக்குத் தெரியாது தம்பி. லீவு நாள்லயே சுவரைப் பார்த்துக்கிட்டு ஸ்டியரிங் பிடிக்கற மாதிரி கையை வைச்சுட்டு இருப்பார். செத்துப் போயிடுவார். யாருக்கும் தெரியாம வெளியூர் டாக்டர்கிட்ட காட்டிக்கறோம். மாத்திரையை நான் வாயைத் திறந்து பார்த்துப் போட வைக்கறேன். ஒண்ணரை வருஷம் ஓடிடும்.

— அப்ப இந்த வண்டி? இவ்வளவு நேரமா இதை வைச்சுக்கலாம்னு சண்டை போட்டீங்களே.

— வேணாம். இரும்புக் கடைக்காரன் வரட்டும். தூக்கிட்டுப் போகட்டும். எதிர்வீட்டுக்காரர் கேட்டா, பொண்ணு கேட்டா, யார் கேட்டாலும் வண்டிதான் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம். மூணு லட்சத்துப் பன்னெண்டாயிரம் ஓடின வண்டி, யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

— நல்லா இருக்கற வண்டியை நசுக்கச் சொல்றீங்க. வலி வந்தா பொண்ணை எதுல கூட்டிட்டுப் போவீங்க?

— கதவைத் தட்டறேன். நூறு வீட்டுக் கதவு வேணும்னாலும் தட்டறேன்.

— அண்ணி, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. கார் முட்டினது கேட்டுல. அண்ணன் இன்னிக்கு ஆறு மணிக்கு ட்ரிப் இருக்குன்னார். பஸ்ல எழுபது பேர்.

— அதுதான் தம்பி நீங்க புரிஞ்சிக்கணும். கார் வேற, பஸ் வேற. பஸ் பெடல் பெரிசு, கால் முழுசா வைக்கலாம், நான் ஏறிப் பார்த்திருக்கேன். இந்தக் கார் பெடல் தீப்பெட்டி மாதிரி, யார் காலும் வழுக்கும். இருபத்தாறு வருஷமா மிதிச்ச பெடல், காலுக்கே வழி தெரியும். பஸ்ல பிரேக் பிடிக்கலன்னு இவர் வீட்டுல வந்து ஒரு நாளாவது சொல்லியிருக்காரா? கார், கார்னுதான் புலம்புவார். ஏங்க, தம்பிகிட்ட நீங்களே சொல்லுங்க.

— முதல்ல அந்தத் துணியைக் கட்டுடா.

— சொல்லுங்களேன். பஸ்ல எல்லாம் நல்லாத்தானே பிடிக்குது? என் முகத்தைப் பாருங்க. ஏன் தலையைக் குனிஞ்சிக்கறீங்க? பஸ்ல பிடிக்குதுல்ல?

— இந்த மாசத்துல மட்டும் டிப்போல சண்டை போட்டு மூணு பஸ் மாத்தி வாங்கிட்டேன்மா... மூணுலயும் பிரேக் பிடிக்கல.